மன்னன் எனும் வாய்க்கால்

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தை முதன்முறை பார்க்கிறவர்கள் ஏதோ பிரெஞ்சு வெற்றிச் சின்னம் என்றுதான் நினைப்பார்கள். கிரேக்க, உரோமானியப் பாணித் தூண்களும் வளைவுகளும் அப்படி நினைக்க வைக்கும். பேரரசன் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் (1852–1870) எழுந்த கட்டடம் என்பதும் சரியே. ஆனால் எந்தத் தளபதியின் பெயரும் அதற்கு இல்லை. குளம் வெட்டிய ஒரு தாசியின் பெயரால் அது ஆயி மண்டபம்.

கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விஜயநகர வேந்தன் கிருஷ்ணதேவராயன் (1509–1529) இந்தப் பக்கம் வந்தபோது, விளக்குகள் எரிய நின்ற ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டான். வந்தவன் அரசன் அல்ல, அவனுடைய அதிகாரி உய்யக்கொண்டான் என்று சொல்வாரும் உண்டு. அது தாசி வீடு என்று தெரிந்ததும் வெட்கம் கோபமாக மாறியது. வீட்டை இடிக்கச் சொன்னான். தன் கையாலேயே இடித்துக்கொள்ள அனுமதி கேட்டாள் ஆயி. இடித்த இடத்தில் குளம் வெட்டினாள். அதுதான் முத்திரையர்பாளையத்து ஆயி குளம் என்கிறது கதை. முந்நூறு ஆண்டுக்கு மேல் கழிந்து, நல்ல குடிநீர் இல்லாமல் தவித்த பிரெஞ்சு நகரத்துக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வந்தது. பொறியாளர் லாமரெஸ் அதைக் கொண்டுவந்தார். குளம் வந்த கதையைக் கேட்ட பேரரசன் அவளுக்கே மண்டபம் எழுப்பச் சொன்னான் என்பது ஊர் வழக்கு.

இந்தக் கதையில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வேறு வேலை. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கட்டமைப்பு. அரசனிடம் இருப்பது கோபமும் ஆணையும் மட்டுமே. தண்ணீர் அவனிடம் இல்லை. ஆணையை மீறவும் முடியாது. மீறாமலேயே அதை வேறு வயலுக்குத் திருப்பிவிடுகிறாள் ஒருத்தி. அரசனையும் நீரையும் இப்படிச் சேர்த்துப் பார்க்கும் பார்வை, இதே நகரத்துச் சம்பா கோயிலிலும் மற்றத் தேவாலயங்களிலும் வாசிக்கப்படும் பழைய எபிரேய ஞான நூல்களில் அழுத்தமாக இருக்கிறது. நீதிமொழிகள், யோபு, சபை உரையாளர், சீராக்கின் ஞானம் ஆகிய நான்கையும், அவற்றோடு சாலமோன் பெயரில் வரும் ஒரு திருப்பாடலையும் மனத்தில் வைத்துப் பேசுகிறேன். இவற்றைத் தொகுத்து வாசிக்கும்போது கிடைக்கும் முடிவு, அரசன் நீரின் ஊற்று அல்ல, நீர் போகும் வழி மட்டுமே என்பது. அரசனே மழை என்று பாடிப் பழகிய உலகத்தில் இது துணிச்சலான பேச்சு.

நீதிமொழிகளின் 21ஆம் அதிகாரம் தொடங்குவதே அரசனின் மனத்தைக் கடவுள் கையில் உள்ள நீர்க்கால்களுக்கு ஒப்பிட்டுத்தான். அவர் விரும்பும் பக்கம் அது திரும்பும் என்பது கருத்து. அங்கே சொல்லப்படுவது தானாக ஓடும் ஆறு அல்ல, மனிதர் வெட்டிப் பிரித்த பாசனக் கால். முதல் திருப்பாடலில் வாடாத மரம் நடப்பட்டிருப்பதும் அத்தகைய கால்களின் ஓரத்தில்தான். ஆற்றைத் திருப்புவது அதிசயம். வாய்க்காலைத் திருப்புவது அன்றாட வேலை. பாகூர்ப் பக்கத்து வயல்களில் அதை யாரும் பார்க்கலாம். கரையில் மண்வெட்டியால் இரண்டு கொத்து, புல்லும் வேருமாக ஒரு மண்கட்டி பெயர்ந்து வரும். அதைத் தூக்கி எதிர்வாயில் வைத்துக் காலால் மிதித்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருந்த நீர் சற்றே தேங்கி, மட்டம் ஏறி, புதிதாகத் திறந்த மடைக்குள் சரியும். சத்தமே இருக்காது. இதைச் செய்ய ஒருவருக்கு மூச்சு வாங்கக்கூட வேண்டாம். அரசனுடைய மனம் அவ்வளவு சுலபமாகத் திரும்பும் என்கிறது நூல். புகழ்ச்சி போல் ஒலிக்கும் இந்த உவமை உண்மையில் எவ்வளவு கடுமையான மதிப்பீடு என்பது மடை திருப்பத் தெரிந்தவருக்கே பிடிபடும். அதே நூலின் 25ஆம் அதிகாரம் அரசர்களின் உள்ளம் ஆராய்ந்தறிய முடியாதது என்கிறது. குடிமக்களுக்கு அது ஆழம், கடவுளுக்கு அது முழங்கால் அளவு வாய்க்கால்.

எபிரேயரைச் சுற்றியிருந்த பெரிய நாடுகள் இப்படிப் பேசவில்லை. பாபிலோனின் அம்முராபி தான் வெட்டிய கால்வாய்க்குத் தன் பெயரையே வைத்து, மக்களின் வளமே அம்முராபிதான் என்று அறிவித்தான். அந்த வேலையை வைத்தே ஆட்சியாண்டு ஒன்றுக்குப் பெயரிட்டான். அசீரிய மன்னன் சனகெரிபு நினிவேக்கு மலைநீரைக் கொண்டுவர ஜெர்வானில் கல்லாலேயே ஒரு பாலக் கால்வாய் எழுப்பி, அதில் தன் பெருமையை வெட்டிவைத்தான். எகிப்தில் நைல் பெருகுவதே அரசனின் நலத்தோடு பிணைத்துப் பேசப்பட்டது. பெரிய ஆறு இருக்கும் இடத்தில் ஆற்றைக் கட்டுப்படுத்துகிறவன் கடவுளுக்கு அடுத்த படியில் ஏறிக்கொள்வது எளிது.

எருசலேமுக்கு ஆறு கிடையாது. மலையடிப் பள்ளத்தாக்கில் கீகோன் என்ற ஒரே ஊற்று, மற்றதெல்லாம் பாறையில் குடைந்த மழைநீர்த் தொட்டிகள். இணைச்சட்ட நூல் இந்த வேறுபாட்டை உடைத்தே சொல்கிறது: எகிப்தில் விதைத்துக் காலால் நீர் பாய்ச்சினீர்கள், நீங்கள் போகும் நாடு வானத்து மழையைக் குடிக்கும் நாடு என்பது அதன் சாரம். காலால் பாய்ச்சுவது என்றால் என்ன என்று உரைகாரர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். மண்கட்டியை மிதித்து மடை அடைத்த எவருக்கும் அதில் புதிர் இல்லை. மழையை நம்பிய நாட்டில் அரசன் தண்ணீருக்கு உரிமை கொண்டாட முடியாது. மக்கள் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டு வாங்கியபோது, சாமுவேல் அவர்கள் செய்த தவற்றை உணர்த்த வரவழைத்த அடையாளமே கோதுமை அறுவடைக் காலத்து மழைதான். அறுக்கும் கதிரின்மேல் மழை பெய்தால் என்ன ஆகும் என்று தை மாதத்தில் மேகம் பார்த்து நிற்கும் நம் உழவருக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பின்னணியில் நீதிமொழிகளின் மற்ற உவமைகள் தெளிவாகின்றன. அரசனின் தயவு பின்மாரி மேகம் போன்றது என்கிறது 16ஆம் அதிகாரம். பாலஸ்தீனத்தில் முன்மாரி அக்டோபரிலும் நவம்பரிலும் நிலத்தை இளக்கும். ஏறக்குறைய நம் ஐப்பசி, கார்த்திகை. பின்மாரி மார்ச்சு, ஏப்ரலில் வந்து கதிரில் பால் பிடிக்கச் செய்யும். வந்தால் விளைச்சல், வராவிட்டால் பதர். அரசனின் முகம் மலர்வதும் அப்படித்தான், வருமா என்று நம்பியிருக்க முடியாது. 19ஆம் அதிகாரத்தில் அரசனின் சினம் சிங்கத்தின் உறுமல், தயவு புல்மேல் பனி. மழையற்ற கோடை மாதங்களில் அங்கே புல்லைக் காப்பாற்றுவது அந்தப் பனி ஒன்றுதான், வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். 26ஆம் அதிகாரம் மூடனுக்குத் தரும் மதிப்பை அறுவடைக்கால மழைக்கு ஒப்பிடுகிறது. 28ஆம் அதிகாரத்தில் ஏழையை நசுக்குகிறவன் விளைச்சலை அடித்துக்கொண்டு போகும் பெருமழை. நீர் நல்லது என்று மொத்தமாகச் சொல்லிவிடும் சோம்பல் இந்த நூலுக்கு இல்லை. எந்த மாதத்து நீர், எவ்வளவு நீர் என்று பார்க்கிறது. அரசாட்சியையும் அதே கண்ணால் அளக்கிறது.

சாலமோன் பெயரில் வரும் 72ஆம் திருப்பாடல் மட்டும் சற்று வேறு குரலில் பேசுகிறது. அரசன் அறுத்த புல்வெளியில் பெய்யும் மழைபோல வரட்டும் என்கிறது. ஆனால் அதுவும் புகழ்ச்சி அல்ல, வேண்டுதல். ஏழைக்கு நீதி செய்தால் அவன் மழையாகலாம் என்ற நிபந்தனை அந்தப் பாட்டு முழுவதும் கிடக்கிறது.

தமிழ் மரபோடு ஒப்பிடாமல் இதை விட்டுவிட முடியாது. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரை, நிலத்தையும் நீரையும் சேர்த்துவைக்கிறவர்களே உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள் என்பது. பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தடுத்துத் தேக்கு, இல்லாவிட்டால் உன் பெயர் நிற்காது என்கிறார். 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம், மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்கிறார். அந்தப் பாட்டால் அவருடைய நிலவரி தள்ளுபடியானது என்கிறது குறிப்பு. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து நிற்பது மழை. அரசன் அதற்கு வெகுதூரம் பின்னால், 39ஆம் அதிகாரத்தில்தான் வருகிறான். கொடுங்கோன்மையைப் பேசும்போது மழை நின்றுபோகும் என்ற எச்சரிக்கையும் வருகிறது.

இரண்டு மரபுக்கும் அக்கறை ஒன்றே, பொறுப்பை வைக்கும் இடம் வேறு. தமிழ்ப் புலவர் அரசனைப் பார்த்து, ஏரி வெட்டு, அது உன் கடமை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். எபிரேய ஞானி அரசனைப் பார்த்துப் பேசுவதைவிட அரசனுக்குக் கீழே வாழப் பழகும் இளைஞனைப் பார்த்தே அதிகம் பேசுகிறார். அரண்மனையில் வேலைக்குப் போகிறவனுக்கு, அந்த மனம் யார் கையில் இருக்கிறது என்பதை மறக்காதே என்கிறார். எனக்குத் தமிழ்ப் புலவரின் நேர்மை பிடிக்கும். ஆனால் அரசனை அதிகம் நம்பாத விவேகம் எபிரேயரிடம்தான் கூடுதல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். யோபு இன்னும் ஒரு படி மேலே போகிறார். 12ஆம் அதிகாரத்தில், கடவுள் நீரைத் தடுத்தால் வறட்சி, திறந்துவிட்டால் நிலம் புரளும் என்று சொன்ன வேகத்திலேயே, மன்னர்கள் இடையிலிருந்து அதிகாரத்தை அவிழ்த்து வீசுவதையும் சொல்லிவிடுகிறார். வெள்ளமும் அரச கவிழ்ப்பும் அவருக்கு ஒரே மூச்சில் வரும் செய்திகள்.

இப்போது வாய்ச்சொல்லிலிருந்து பாறைக்கு வருவோம். நீதிமொழிகளின் 25ஆம் அதிகாரத் தலைப்பு, அங்கிருந்து தொடங்கும் சாலமோனின் மொழிகளை எடுத்து எழுதியவர்கள் யூதா அரசன் எசேக்கியாவின் ஆட்கள் என்கிறது. அதே எசேக்கியாதான், சனகெரிபின் படையெடுப்பை எதிர்பார்த்து, கீகோன் நீரை நகருக்குள் கொண்டுவந்தவன் என்று அரசர்கள் நூலும் குறிப்பேடும் சொல்கின்றன. படையெடுப்பு நடந்தது கி.மு. 701. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து சீலோவாம் குளம் வரை போகும் அந்தச் சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். இரண்டு முனைக்கும் மட்ட வேறுபாடு சுமார் 30 சென்டிமீட்டர்தான். காலம் பற்றிய தகராறு முற்றும் ஓயவில்லை என்றாலும், 2003இல் வெளியான அறிவியல் காலக்கணிப்பு கி.மு. 700ஐ ஒட்டியே விடை தந்தது. மொழிகளைத் தொகுக்க எழுத்தரை உட்காரவைத்த அரசனே உளியோடு ஆட்களைப் பாறைக்குள் அனுப்பினான் என்றால், ஞான நூலில் ஓடும் நீர் வெறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது.

அந்தச் சுரங்கச் சுவரில் ஒரு கல்வெட்டு இருந்தது. 1880இல் நீரில் விளையாடிய ஒரு சிறுவன் கண்ணில் பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள், நடுவில் மூன்று முழம் மிச்சமிருக்கையில் ஒருவர் குரலை மற்றவர் கேட்டதையும், உளிக்கு எதிரே உளி மோதியதையும், ஊற்றிலிருந்து குளத்துக்கு 1,200 முழம் நீர் ஓடியதையும் அது சொல்கிறது. அரசன் பெயர் அதில் இல்லை. ஆட்சியாண்டு இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. நம் ஊர்க் கல்வெட்டு வாசித்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். சோழர் காலத்தில் ஒரு குழி நிலம் கைமாறினாலும் மன்னனின் மெய்க்கீர்த்தி வந்துவிடும். இறைவாக்கினர் எசாயாவும் எசேக்கியாவின் காலத்து நீர்ப்பணிகளைப் பாராட்டவில்லை. இரு மதில்களுக்கு நடுவே நீர்த்தேக்கம் அமைத்தீர்கள், ஆனால் இதையெல்லாம் நெடுநாள் முன்பே திட்டமிட்டவரை நோக்கவில்லையே என்று கடிந்துகொண்டார். தன் நகரைக் காத்த பொறியியலையும் சந்தேகத்தோடு பார்க்கிற மரபு அது.

சபை உரையாளர் நூலில் அரசனே பேசுகிறான். வீடு கட்டினேன், திராட்சைத் தோட்டம் போட்டேன், வளரும் மரக்காட்டுக்குப் பாய்ச்சக் குளங்கள் வெட்டினேன் என்று அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் எனக்காக, எனக்காக என்று வருகிறது. சில வரி தாண்டியதும் எல்லாம் காற்றைப் பிடிக்கிற வேலை என்று கையை உதறுகிறான். ஞான நூல்களில் குளம் வெட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் அரசன் இவன் ஒருவனே, அதில் நிறைவு காணாதவனும் இவனே. ஊர் குடிக்கவில்லை என்பதுதான் அவனுடைய கணக்கில் விழுந்த ஓட்டை என்று நான் வாசிக்கிறேன். பெத்லகேமுக்குத் தெற்கே சாலமோன் குளங்கள் என்ற பெயரோடு மூன்று பெரிய நீர்த்தேக்கங்கள் இன்றும் உள்ளன. அவற்றைக் கட்டியது சாலமோன் அல்ல, பல நூற்றாண்டுகள் பிந்தியவர்கள். நீர்நிலை இருந்தால் ஒரு பேரரசனின் பெயரை ஒட்டிவிடும் மக்கள் பழக்கம் எங்கும் உண்டு. ஆளுநர் பிலாத்து கோயில் பணத்தை எடுத்து எருசலேமுக்கு நீர்க்கால் அமைத்தபோது மக்கள் திரண்டு எதிர்த்ததையும், வேடமிட்டு ஊடுருவிய வீரர்கள் அவர்களை அடித்துக் கொன்றதையும் யோசேப்பு என்ற வரலாற்றாசிரியர் பதிந்திருக்கிறார். தண்ணீர் தேவைதான், வந்த வழிதான் பொறுக்கவில்லை.

சீராக் எழுதியது கி.மு. 180ஐ ஒட்டி. யூதாவில் அப்போது அரசன் இல்லை. எனவே நீர் உருவகம் அரசனை விட்டு ஆசிரியனுக்குக் கைமாறுகிறது. 24ஆம் அதிகாரத்தில் ஞானம் பேராறுகளைப் போலப் பெருகுகிறது. ஆசிரியர் தன்னை அதிலிருந்து பிரிந்த வாய்க்கால் என்கிறார். என் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம் என்று தொடங்கினேன், வாய்க்கால் ஆறாகி ஆறு கடலாகிவிட்டது என்று வியக்கிறார். நீதிமொழிகளில் அரசனுக்குக் கொடுத்த அதே இடம், வாய்க்காலின் இடம், இங்கே கற்பிக்கிறவனுக்கு. பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய இடமாகவும் அது மாறிவிட்டது.

இதற்கு இணையான ஒன்று புதுச்சேரி மண்ணிலேயே கிடைத்தது. 1879இல் பாகூரில் ஐந்து செப்பேடுகளை ஜூல் தெலாஃபோன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டு, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வடமொழியும் தமிழுமாக எழுதப்பட்ட அது, பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்லூரிக்கு, மூன்று ஊர்களைத் தானமாக அளித்ததைச் சொல்கிறது. அதன் வடமொழிப் பகுதியில் ஓர் உவமை: அலைகளோடு இறங்கிவரும் கங்கையைச் சிவன் சடையில் தாங்குவதுபோல, பாகூர் அறிஞர் இருக்கை கல்வியைத் தாங்கி நிற்கிறது. ஞானம் நீர், கல்விச்சாலை அதைத் தாங்கும் சடை. கேட்டுப் பெற்றவன் நிலைதாங்கி என்ற தலைவன், அனுமதி தந்தவன் மன்னன். எருசலேம் ஆசிரியர் தன்னைச் சொல்லிக்கொண்டதைப் பாகூர்ப் புலவர் ஒரு கல்லூரிக்குச் சொல்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியே இல்லை. வேளாண் நாகரிகத்தில் கற்றவர்கள் தங்கள் தொழிலுக்கு உவமை தேடினால் கைக்கு முதலில் எட்டுவது நீர்தான், அவ்வளவே.

பாகூர் அந்த உவமைக்குப் பொருத்தமான ஊர். புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து அதற்கு நீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிச் சகோதரிகள் வெட்டுவித்தது என்பது ஊர்க்கதை. ஆயி, பங்காரி, சிங்காரி! பாகூர் மூலநாதர் கோயிலும் கல்வெட்டும் செப்பேடும் மன்னர்கள் பெயரைச் சுமந்து நிற்க, நீரின் நினைவை மட்டும் இப்பகுதி மக்கள் திரும்பத் திரும்பத் தாசிகள் கையில் கொடுத்திருக்கிறார்கள். வீரநாராயணன் ஏரி என்று சோழன் பெயரில் வீராணம் இருக்கும் தென்னாற்காட்டுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மாற்றுக் கணக்கு. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அரசனின் ஆணை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானித்தவர் யார் என்ற கேள்விக்கு எபிரேய ஞானி கடவுளைக் காட்டினார்; புதுச்சேரிக் கதைசொல்லி அரசசபையில் இருக்கை இல்லாத பெண்ணைக் காட்டினார். இரண்டு விடையிலும் அரசன் இல்லை.

லாமரெஸ் பற்றியும் ஒரு வார்த்தை. முத்திரையர்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்த அந்தப் பொறியாளர் 1867இல் தென்னிந்தியப் பாடல்களைப் பிரெஞ்சில் பெயர்த்து நூலாக்கியவர். திருக்குறளைப் பிரெஞ்சில் தந்தவர்கள் வரிசையிலும் அவர் பெயர் இருக்கிறது. குழாய் போட்டவரே குறளையும் பெயர்த்தார் என்பது எசேக்கியாவின் எழுத்தரையும் சுரங்கக்காரரையும் நினைவூட்டுகிறது. இந்த நகரத்தில் அவருக்கு மண்டபம் இல்லை, தேவையும் இல்லை.

தமிழில் விவிலிய விளக்கவுரைகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் பலவும் ஐரோப்பிய உரைகளைப் பின்பற்றி, நீதிமொழிகள் 21ஐக் கடவுளின் ஆளுகை என்ற ஒற்றைத் தலைப்பில் அடக்கிவிடுகின்றன. முறைவைத்து நீர் பாயும் ஊர்களில் தலைமடைக்கும் கடைமடைக்கும் நடக்கும் வழக்கு, இரவு முறைக்குக் காத்திருப்பவரின் கோபம், பக்கத்து வயல்காரர் மடையைத் திருட்டுத்தனமாக வெட்டிவிடும் பயம், இவை எதுவும் அந்த உரைகளில் இல்லை. மூல நூலாசிரியருக்கு இவையெல்லாம் தெரிந்திருந்தன. அடுத்து உரை எழுத உட்காருகிறவர்கள் ஒருமுறை பாகூர் ஏரிக்கரைக்குப் போய், தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சுகிற ஆளிடம் அந்த உவமையைச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதட்டும்.